மியூனிக் மாநகராட்சியின் லினக்ஸ் மாற்றம்: ஊழியர் பக்கமிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி தன் அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து, மூலநிரலை எவரும் படித்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றுவதென்று 2003-இல் முடிவெடுத்தது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானித்தது. இந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, லினக்ஸ் அலுவலகத்துக்கு ஒத்துவராது என்று ஒரு தரப்பும், எல்லாம் மைக்ரோசாப்டின் செல்வாக்கு என்று மறு தரப்பும் பேச்சை முடித்துவிடுவது வழக்கம். இடைப்பட்ட காலத்தில் அந்த ஆயிரக்கணக்கான மேசைகளில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் எதை ஏற்றுக்கொண்டார்கள், எதற்கு முணுமுணுத்தார்கள் என்று இரு தரப்புமே அதிகம் கேட்பதில்லை. உரிமம் வழங்குபவர்கள், பதிவேடு பராமரிப்பவர்கள், பொதுமக்களின் மனுவுக்குப் பதில் எழுதுபவர்கள் என்று அவர்களில் பெரும்பாலோர் கணினி மீதுள்ள ஆசையால் வேலைக்கு வந்தவர்கள் அல்லர். தம் அலுவலகத்தில் தொழில்நுட்பம் தெரியாத சக ஊழியர்களைக் கட்டற்ற இயங்குதளத்தின் பக்கம் கொண்டுவர முயல்பவர்களுக்கு மியூனிக்கில் கற்க நிறைய இருக்கிறது. அதில் பாதி நல்ல முன்மாதிரி, பாதி எச்சரிக்கை.

தொடக்கம் கொள்கையிலிருந்து வந்ததைவிடக் கட்டாயத்திலிருந்து வந்தது எனலாம். மாநகராட்சியின் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் என்.டி. 4.0-க்கு மைக்ரோசாப்ட் தன் ஆதரவை நிறுத்தவிருந்தது. புதிய விண்டோஸ், லினக்ஸ் இரண்டில் எதற்குப் போனாலும் ஒரு பெரிய மாற்றம் தவிர்க்க முடியாததாக இருந்தது. 2003 மார்ச்சில் மைக்ரோசாப்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் தம் பனிச்சறுக்கு விடுமுறையின் நடுவே மேயர் கிறிஸ்டியான் ஊடேயை நேரில் வந்து பார்த்தார். நிறுவனம் தன் விலையையும் கணிசமாகக் குறைத்தது. ஆயினும் அவ்வாண்டு மே 28 அன்று மாநகர மன்றம் லினக்ஸுக்கு வாக்களித்தது. 2004 ஜூனில் விரிவான திட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. லிமுக்ஸ் என்று பெயரிடப்பட்ட அத்திட்டத்தின் இலக்கு அனைத்துக் கணினிகளும் அல்ல, ஏறத்தாழ 80 விழுக்காடு மட்டுமே. விண்டோஸ் இல்லாமல் ஓடவே ஓடாத துறைசார் மென்பொருள்கள் சில இருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். இந்த நேர்மை பின்னாளில் பெரிதும் உதவியது. நூற்றுக்கு நூறு என்று அறிவித்திருந்தால், மாற முடியாத ஒரே ஒரு மென்பொருளைச் சுட்டிக்காட்டியே திட்டத்தைத் தோல்வி என்று சொல்லியிருப்பார்கள்.

முதல் மேசைக்கணினிகள் மாறியது 2006 செப்டம்பரில்தான். அதற்கும் முன்னரே திட்டக்குழுவுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருந்தது: மாநகராட்சி என்பது ஒரே அலுவலகம் அல்ல. 20-க்கும் மேற்பட்ட கணினிப் பிரிவுகள் தனித்தனியாக இயங்கின. ஒவ்வொன்றும் தனக்கென்று பயனர் பட்டியல், தனக்கென்று அச்சுப்பொறி ஏற்பாடு, தனக்கென்று மென்பொருள் வாங்கும் வழக்கம் வைத்திருந்தது. ஓரிடத்தில் எத்தனை மேக்ரோக்கள், அதாவது ஆவணத்துக்குள் தாமாக வேலை செய்யும் சிறு நிரல்கள், ஓடுகின்றன என்பது அடுத்த இடத்துக்குத் தெரியாது. இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன்னால் இவை அனைத்தையும் கணக்கெடுத்து ஒழுங்குசெய்ய வேண்டியிருந்ததால், திட்டம் முதலில் நினைத்ததைவிடப் பல ஆண்டுகள் நீண்டது. தாமதம் என்று வெளியே தெரிந்ததில் பெரும்பகுதி லினக்ஸுக்கான நேரம் அன்று. யாரும் பல ஆண்டுகளாகத் திறந்து பாராத அலமாரிகளைத் துப்புரவாக்கிய நேரம்.

அந்த அலமாரிகளில் இருந்தவை வார்ப்புருக்களும் (முன்பே வடிவமைத்து வைத்த ஆவண மாதிரிகள்) படிவங்களும். ஊழியர்களின் மனம் மாறியதும் மாறாததும் இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ஜெர்மானிய நிர்வாகத்தில் ஓர் அலுவலர் எழுதும் கடிதம் வெறும் கடிதமாக இருப்பதில்லை. ஒரே ஆவணத்தில் ரோமன் எண்ணிட்ட பத்திகள் வரிசையாக இருக்கும். முதல் பத்தியில் மனுதாரருக்கான பதில். இரண்டாவதில், இந்தப் பதிலின் நகலை இன்ன பிரிவுக்கு அனுப்புக என்னும் ஆணை. மூன்றாவதில், கோப்பை இன்ன தேதியில் மீண்டும் என் மேசைக்குக் கொண்டுவருக என்னும் குறிப்பு. அச்சிடும்போது மனுதாரருக்குப் போகும் தாளில் முதல் பத்தி மட்டும் இருக்க வேண்டும், அதுவும் எண் இல்லாமல். மற்ற பிரிவுக்குப் போகும் தாளில் அதற்கு உரிய பகுதி இருக்க வேண்டும், நகல் என்ற குறிப்போடு. எல்லாப் பத்திகளும் அடங்கிய வரைவு கோப்பிலேயே தங்க வேண்டும். வேர்டில் இந்த வேலையை மேக்ரோக்கள் செய்துகொண்டிருந்தன. பொத்தானை அழுத்தினால் சரியான தாள்கள் சரியான எண்ணிக்கையில் வந்து விழும். அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அலுவலருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதற்கு மாற்றாக வந்த கட்டற்ற அலுவலக மென்பொருளான ஓப்பன் ஆபீஸில் அந்தப் பொத்தான் இல்லை.

இப்படிப்பட்ட ஊழியரிடம் போய் மூலநிரலைப் படிக்கும் சுதந்திரத்தைப் பற்றியோ, வைரஸ் தொல்லை குறைவு என்பதைப் பற்றியோ, உரிமக் கட்டணம் மிச்சமாகும் என்பதைப் பற்றியோ எவ்வளவு நேரம் பேசினாலும் அவர் காதில் விழப்போவதில்லை. உரிமக் கட்டணம் அவர் சட்டைப்பையிலிருந்து போவதில்லை. காலை 10 மணிக்குள் போக வேண்டிய கடிதம் தாளாக வெளியே வருமா என்பது மட்டுமே அவர் கவலை, அது நியாயமான கவலையும்கூட.

மியூனிக் குழு இதைப் புரிந்துகொண்டது. வொல்முக்ஸ் என்ற பெயரில் ஓப்பன் ஆபீஸோடு இணைந்து இயங்கும் கூடுதல் நிரலான ஒரு நீட்சியைத் தாங்களே எழுதினார்கள். 2008-இல் அதைக் கட்டற்ற மென்பொருளாகவும் வெளியிட்டார்கள். ஊழியர் ஒரு கடித வார்ப்புருவைத் திறந்தவுடன் அவர் பெயர், அறை எண், தொலைபேசி எண், பிரிவு ஆகியவை பொதுக் கோப்பகத்திலிருந்து எடுக்கப்பட்டு முகப்பில் தாமாகவே நிரம்பும். ஒருவருக்கு இரண்டு பிரிவுகளில் பொறுப்பு இருந்தால் எந்தப் பொறுப்பில் கையெழுத்திடுகிறார் என்பதை ஒரு பட்டியலில் தேர்ந்தெடுத்தால் போதும். மேலே சொன்ன ரோமன் எண் பத்திகளை அச்சிடும் வேலையையும் அதுவே பார்த்துக்கொண்டது. பழைய மேக்ரோ ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு விதமாக இருந்த நிலை போய், மாநகராட்சி முழுவதற்கும் ஒரே முறை வந்தது. இந்த ஓர் இடத்தில் மட்டும் புதிய ஏற்பாடு பழையதைவிட வெளிப்படையாகவே மேலாக இருந்தது. அதை ஊழியர் தம் வேலையிலேயே கண்டார், யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கணிப்பில் லிமுக்ஸ் திட்டத்தின் மிகச் சிறந்த பிரசாரம் இந்த நீட்சிதான். அதில் லினக்ஸ் என்ற சொல்லே இல்லை என்பது தற்செயல் அன்று.

மாற்றத்தின் வரிசைமுறையும் கவனத்துக்கு உரியது. பல பிரிவுகளில் விண்டோஸ் கணினியிலேயே முதலில் ஓப்பன் ஆபீஸ், ஃபயர்பாக்ஸ் உலாவி, தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலி ஆகியவை வந்தன. ஊழியர் அவற்றில் பழகிய பிறகே அடியிலிருந்த இயங்குதளம் மாற்றப்பட்டது. ஆவணப் பரிமாற்றத்துக்கும் ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது: திருத்த வேண்டிய ஆவணங்கள் ஓ.டி.எஃப். என்னும் திறந்த ஆவண வடிவில், திருத்தத் தேவையில்லாதவை பி.டி.எஃப். வடிவில். உள்ளே இது நன்றாகவே நடந்தது. வெளியிலிருந்து வரும் வேர்டு, எக்செல் கோப்புகள்தான் கடைசிவரை உறுத்தலாக இருந்தன. மாநில அரசோ ஒப்பந்ததாரரோ அனுப்பும் அட்டவணை, ஓப்பன் ஆபீஸிலிருந்து கிளைத்துப் பின்னர் அதன் இடத்துக்கு வந்த லிப்ரே ஆபீஸில் திறக்கும்போது ஒரு நெடுவரிசை கீழே இறங்கிவிட்டால், அனுப்பியவர் எந்த வடிவத்தில் அனுப்பினார் என்று யாரும் கேட்பதில்லை. திறந்தவரின் கணினியைத்தான் குறை சொல்வார்கள். இதற்கு மாநகராட்சிக்குள் முழுமையான தீர்வும் இல்லை. ஊரே ஒரு வடிவத்தில் எழுதும்போது ஓர் அலுவலகம் மட்டும் வேறு வடிவத்தில் எழுதுவதன் விலை அது.

எண்ணிக்கையில் பார்த்தால் திட்டம் வென்றது. 2012 முடிவில் ஏறத்தாழ 13,000 கணினிகள் லினக்ஸில் இருந்தன. 80 விழுக்காடு என்ற இலக்கு அப்போதே தாண்டப்பட்டுவிட்டது. 2013 டிசம்பரில் திட்டம் முறைப்படி நிறைவடைந்தது. புகார்களும் பெருகவில்லை. 2012-இல் மன்ற உறுப்பினர்களின் கேள்விக்கு மேயர் ஊடே அளித்த பதிலின்படி, லினக்ஸ் கணினிகள் 1,500-இலிருந்து 9,500 ஆக உயர்ந்த காலத்தில், மாதத்துக்கு வரும் புகார்களின் உச்ச எண்ணிக்கை 70-இலிருந்து 46 ஆகக் குறைந்திருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில், 1 கோடி யூரோவுக்கும் மேல் மிச்சமானதாக மாநகராட்சி கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கை மைக்ரோசாப்டுக்காகத் தயாரிக்கப்பட்ட ஓர் ஆய்வு மறுத்தது. கணக்கில் எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பதில் இரு தரப்புக்கும் ஒப்புதல் ஏற்படவே இல்லை. பணக் கணக்கைக் கொண்டு எவரையும் இணங்கவைக்க முடியாது என்பதற்கு இதுவும் சான்று. ஏற்கெனவே இணங்கியவர்தான் அந்தக் கணக்கை நம்புவார்.

ஆக, கணினிகள் மாறின, புகார்கள் குறைந்தன, பணமும் மிச்சமானதாகச் சொல்லப்பட்டது. பிறகு ஏன் திரும்பிப்போனார்கள்?

புகார்ப் பதிவேட்டில் ஏறும் புகார் வேறு, தேநீர் இடைவேளையில் புழங்கும் புகார் வேறு. மியூனிக்கில் இரண்டாவது வகை ஓயவே இல்லை. விண்டோஸ் கணினி உறைந்துபோனால் அன்றைய அதிர்ஷ்டம் சரியில்லை என்று மறுபடி இயக்கிவிட்டு வேலையைத் தொடர்கிற அதே ஊழியர், லினக்ஸ் கணினி உறைந்தால் லினக்ஸைத் திட்டினார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். புதிதாக வந்த ஒன்றின் மீது பழி விழுவது எந்த அலுவலகத்திலும் இயல்பு. மியூனிக்கில் அது கூடுதலாகக் காலூன்றியதற்குக் காரணம், திட்டம் தொடக்கத்திலிருந்தே லினக்ஸ் என்ற பெயரோடும் பென்குயின் சின்னத்தோடும் உலகெங்கும் பேசப்பட்டது என்பதே. அச்சுப்பொறி ஓடவில்லையென்றாலும், வழங்கி (சர்வர்) மெதுவானாலும், கடவுச்சொல்லை மாற்ற மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தாலும், சுட்டிக்காட்டுவதற்கு ஒரு பெயர் தயாராக இருந்தது.

2014 மே மாதம் டீட்டர் ரைட்டர் மேயரானார். அதற்கு முன் மாநகராட்சியின் பொருளாதாரத் துறைக்குத் தலைமை வகித்தவர்; மைக்ரோசாப்டின் ஜெர்மானியத் தலைமையகம் அண்டை ஊரிலிருந்து மியூனிக்குக்குள் வருவதில் அவருக்குப் பங்கு இருந்தது; தாம் மைக்ரோசாப்ட் பொருள்களை விரும்புபவர் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. துணை மேயர் யோசெஃப் ஷ்மித், ஊழியர்களிடமிருந்து ஏராளமான குறைகள் வருவதாகச் சொன்னார். அப்போது வெளியில் அதிகம் பேசப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று, மேயரின் கைபேசியில் அலுவலக மின்னஞ்சல் வருவதற்கு வாரக்கணக்கில் ஆனது என்பது. கைபேசிக்கு அஞ்சல் அனுப்புவது பின்னாலுள்ள அஞ்சல் வழங்கி. மேசையிலுள்ள லினக்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2015-இல் மன்ற உறுப்பினர்கள் இருவர், தங்களுக்குத் தரப்பட்ட மடிக்கணினிகளில் தேவையான மென்பொருள்களைத் தாங்களாக நிறுவ முடியவில்லை என்று முறையிட்டு, விண்டோஸ் வேண்டும் என்று கேட்டார்கள். பயனருக்கு நிறுவும் உரிமை தருவதில்லை என்பது நிர்வாகி எடுக்கிற முடிவு. விண்டோஸ் மடிக்கணினி தந்திருந்தாலும் அதே பூட்டைப் போட்டிருப்பார்கள்.

இவற்றை எடுத்துச்சொல்லும்போது, ஊழியர்களின் குறைகள் அனைத்தும் கற்பனை என்ற தொனி வந்துவிடக் கூடாது. ஆட்களை நியமிக்கும் பொறுப்புடைய துறை, மாற்றத்துக்குப் பிறகு தன் வேலைத்திறன் குறைந்ததாகவும், மென்பொருள் அடிக்கடி நின்றுபோவதாகவும், காட்சியிலும் அச்சிலும் பிழைகள் வருவதாகவும் எழுத்திலேயே தெரிவித்தது. சில பிரிவுகள் புதுப்பிப்பைத் தள்ளிப்போட்டதால், லிமுக்ஸின் பழைய பதிப்புகளிலேயே நெடுநாள் உழன்றன. லினக்ஸில் ஓடாத மென்பொருளை மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி) வழியாக ஓடவிட்ட இடங்களில் மெதுவும் சிக்கலும் மெய்யானவை. இவற்றையும் மேயரின் கைபேசியையும் ஒரே கூடையில் போட்டு இரு தரப்பும் வாதிட்டதால்தான் எது எதனால் வந்தது என்பது கடைசிவரை தெளியவில்லை. பிரித்துக் காட்டியிருக்க வேண்டியவர்கள் திட்டத்தை நடத்தியவர்கள். அவர்களுடைய அறிக்கைகள் எத்தனை கணினி மாறியது என்பதைத் துல்லியமாகச் சொன்ன அளவுக்கு, ஊழியரின் அன்றாடத் தொல்லை எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

மாநகராட்சி வரவழைத்து 2016-இல் வெளிவந்த ஆலோசனை அறிக்கையே, கணினி நிர்வாகம் பல இடங்களில் சிதறிக்கிடப்பதையும் பொறுப்பு யாருடையது என்று தெளிவில்லாததையும் முதன்மையான குறைகளாகச் சொன்னது. அதைத் தயாரித்தவற்றுள் ஒன்று அக்சென்சர் என்னும் ஆலோசனை நிறுவனம். மைக்ரோசாப்டோடு சேர்ந்து அவனாட் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கிய நிறுவனம் அது என்பதை எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டத் தவறவில்லை. ஆனாலும் அறிக்கையின் அந்தப் பகுதி லினக்ஸுக்கு எதிரானது அன்று. 2017 பிப்ரவரியில் மன்றம் ஒரே வகையான விண்டோஸ் கணினியை நோக்கித் திட்டம் தயாரிக்கச் சொன்னது. நவம்பரில் இறுதி முடிவு வந்தது. விண்டோஸ் கணினிகளுக்கு மட்டும் ஏறத்தாழ 5 கோடி யூரோ ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. 2020-இல் அமைந்த புதிய கூட்டணி, இயன்ற இடங்களிலெல்லாம் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துவதாக மறுபடியும் எழுதிக்கொண்டது. அரசியலில் இதுவும் நடக்கும்.

இதோடு பிரான்சின் ஜான்டார்மெரி காவல் படையை வைத்துப் பார்ப்பது பயன் தரும். அங்கே 2005-இல் ஓப்பன் ஆபீஸ், 2006-இல் ஃபயர்பாக்ஸும் தண்டர்பேர்டும், 2008-இலிருந்து லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு என்று படிப்படியாக மாறினார்கள். துறைசார் மென்பொருள்கள் பலவற்றை உலாவி வழியாக ஓடும்படி அமைத்துவிட்டதால், அடியிலிருக்கும் இயங்குதளம் எதுவென்பது காவலருக்கு ஒரு பொருட்டாக இல்லை. கணினி மாற்றத்துக்கு முன்னின்ற லெப்டினன்ட் கர்னல் சவியே கிமார், விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து அடுத்த பதிப்பான விஸ்டாவுக்குப் போவதற்கும் பயிற்சி தேவைப்பட்டிருக்கும் என்றும், உபுண்டுவில் தென்பட்ட பெரிய வேறுபாடுகள் சின்னங்களும் விளையாட்டுகளும் மட்டுமே என்றும், விளையாட்டு தங்களுக்கு முதன்மையானது அல்ல என்றும் குறிப்பிட்டார். 2013-இல் 37,000 கணினிகள் உபுண்டுவுக்கு வந்திருந்தன. பின்னர் படையின் பெரும்பான்மைக் கணினிகள் அதற்கு மாறிவிட்டன. படை என்பதால் மேலிருந்து வரும் ஆணைக்குக் கீழ்ப்படிந்தார்கள் என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. அது பாதி உண்மை. ஆணை இருந்தாலும் வேலை நடக்காவிட்டால் காவல் நிலையத்தில் கூச்சல் எழாமல் இராது. மியூனிக்கைவிட அவர்களுக்கு வாய்த்த பெரிய வசதி, நாடு முழுவதற்கும் ஒரே கணினிப் பிரிவு இருந்தது. இன்னொன்று, ஆரவாரமில்லாமல் மாறினார்கள்.

தம் அலுவலகத்தில் இதைச் செய்யப் புகுபவர் பதினைந்தாயிரம் கணினிகளை மாற்றப்போவதில்லை, பதினைந்தாக இருக்கலாம். அளவு சிறிதானாலும் வேலையின் போக்கு மாறுவதில்லை. சக ஊழியரிடம் முதலில் கேட்க வேண்டியது, நாள்தோறும் திறக்கும் கோப்புகள் எவை, எந்த அச்சுப்பொறியில் எந்தத் தாளில் எடுக்கிறார், எவரிடமிருந்து எந்த வடிவத்தில் கோப்பு வருகிறது என்பன. அந்தப் பட்டியலில் மிகவும் முரண்டுபிடிக்கும் படிவத்தை எடுத்து, அதைச் சரிசெய்துகாட்டிய பிறகே மற்றதைப் பேசலாம். முதல் ஆளாக ஆர்வமுள்ள இளைஞரைத் தேர்ந்தெடுப்பதே வழக்கமாக நடக்கிறது. அவர் எதையும் சமாளித்துக்கொள்வார் என்பதாலேயே அவரிடமிருந்து ஒன்றும் தெரியவராது. அலுவலகத்தில் எல்லோரும் சந்தேகம் கேட்கப் போகும் மூத்த எழுத்தர் ஒருவர் இருப்பார். அவருடைய மேசையில் வேலை நடந்தால் மற்ற மேசைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிராது. உண்மையிலேயே மாற்ற முடியாத மென்பொருள் இருந்தால் அதற்கென்று ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

கோளாறுகளை எழுதிவைக்க ஒரு குறிப்பேடு வேண்டும்: என்ன நடந்தது, எதனால், இதே கோளாறு பழைய ஏற்பாட்டில் வந்திருக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடையோடு. மேலாளர் மாறும் நாளில் இந்தக் குறிப்பேடுதான் பேசும். மியூனிக்கில் மாற்றத்தை ஆதரித்த மேயர் போய், ஆதரிக்காதவர் வந்தபோது, எண்ணிக்கை இருந்தது, விளக்கம் இல்லை. மேலிடத்தில் ஒருவர் மட்டுமே ஆதரவு என்ற நிலையில் திட்டத்தை விட்டுவைப்பது ஆபத்து. இரண்டாம் நிலையில் இருப்பவர்களும் தங்கள் கணினியில் அதையே பயன்படுத்துபவர்களாக இருந்தால் நல்லது.

ஜெர்மனியிலேயே வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் இப்போது அதே பாதையில் இறங்கியிருக்கிறது. 2024 ஏப்ரலில், ஏறத்தாழ 30,000 பணியிடங்களில் லிப்ரே ஆபீஸைக் கொண்டுவர மாநில அரசு முடிவெடுத்தது. 2025 அக்டோபரில், 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாப்டின் அவுட்லுக், எக்சேஞ்ச் ஆகியவற்றிலிருந்து தண்டர்பேர்டுக்கும் ஓப்பன்-எக்சேஞ்சுக்கும் மாற்றி முடித்ததாக அறிவித்தது. அவர்களுடைய வரிசையில் லினக்ஸ் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது.